மனோரா மையத்தின் பலகைகளில் ஆவுளியாவின் அறிவைப் பற்றியும் எழுதுங்கள்

மனோராவில் அமையவிருக்கும் பன்னாட்டு ஆவுளியா பாதுகாப்பு மையத்தைத் திட்டமிடும் வனத்துறை அதிகாரிகளுக்கும் அவர்களுக்குத் துணைநிற்கும் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தீர்கள். இந்த உயிருக்கென்று இந்தியாவில் அறிவிக்கப்பட்ட முதல் பாதுகாப்பகம் அது. அந்த அறிவிப்பு எங்கள் கரையோரத்துக்குக் கிடைத்த பெருமை. அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். இப்போது மனோராவில் மையம் வரப்போகிறது. சரபோஜி மன்னர் கட்டிய கோபுரத்தைப் பார்க்க வருகிற பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் இனி இந்த மையத்துக்குள்ளும் வருவார்கள். ஆவுளியாவைப் பற்றி அவர்களுக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யும் நேரம் இது. அதனால்தான் இந்த மடல்.

பொதுவாக இந்த விலங்கைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. மூன்று மீட்டர் நீளம் வளரும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ கடற்புல் தின்னும். சாதுவானது, மெதுவாக நீந்தும், யாருக்கும் தொந்தரவு தராது. அழிந்துவருகிறது, காப்பாற்றுங்கள். இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் இதைக் கேட்கிற பிள்ளையின் மனதில், தின்பதும் தூங்குவதுமாகக் காலம் தள்ளும் ஒரு மந்தமான உயிராகத்தான் ஆவுளியா பதியும். அது என்ன அறிகிறது, எதை நினைவில் வைத்துக்கொள்கிறது, யாரிடமிருந்து கற்கிறது என்பது எந்தப் பலகையிலும் இருப்பதில்லை. அதைச் சேர்க்கச் சொல்லித்தான் கேட்கிறேன். பலகையில் சேர்த்தால் மட்டும் போதாது. பாதுகாப்புத் திட்டத்தையும் அதை வைத்தே போட வேண்டும் என்று கேட்கிறேன்.

ஆவுளியாவின் நெருங்கிய உறவு மனாட்டி. ஃபுளோரிடாவின் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் கரீபியக் கடலிலும் வாழ்வது ஓர் இனம். அமேசான் ஆற்றில் ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் ஒன்று. ஆவுளியாவோடு சேர்த்தால் இந்தக் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பது நான்கே இனங்கள். நிலத்தில் இவற்றுக்கு மிக நெருங்கிய சொந்தம் யானை. யானையின் அறிவைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கடலுக்குள் போன அதன் உறவினரை மட்டும் மந்தம் என்று ஒதுக்கிவைத்துவிட்டோம்.

அறிவியலும் நெடுங்காலம் அப்படித்தான் ஒதுக்கியது. காரணம் மூளையின் அளவு. 750 கிலோ எடையுள்ள ஃபுளோரிடா மனாட்டிக்கு மூளை சுமார் 360 கிராம்தான். உடல் எடைக்கு ஏற்ற மூளை இருந்தால் 1 என்று வைத்துக்கொள்ளும் கணக்கில் மனாட்டிக்குக் கிடைப்பது 0.27. அதோடு அந்த மூளையின் மேற்பரப்பில் நம் மூளையில் இருப்பது போன்ற மடிப்புகள் கிடையாது, வழுவழுவென்று இருக்கும். இவ்வளவு போதாதா, முட்டாள் விலங்கு என்று எழுதிவிட்டார்கள்.

1990-இல் தாமஸ் ஓஷே, ரோஜர் ரீப் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். கடற்புல்லில் சத்து குறைவு. அதை வைத்தே பிழைக்க வேண்டுமானால் நீளமான குடல் வேண்டும், உடலின் செலவு குறைவாக இருக்க வேண்டும், நீரில் சூடு இறங்காமலிருக்கப் பருத்த உடலும் வேண்டும். ஆக, பரிணாமத்தில் இவற்றின் உடல்தான் பெருத்தது, மூளை சுருங்கவில்லை. பெருத்த உடலால் வகுத்தால் எந்த மூளையும் சின்னதாகத்தான் தெரியும். அந்த 0.27 உணவைப் பற்றிச் சொல்கிற அளவுக்கு அறிவைப் பற்றிச் சொல்லவில்லை.

மூளைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தபோது கிடைத்தது இன்னும் சுவையானது. பூனையின் மீசை மயிர் சாதாரண மயிர் அல்ல; அதன் வேர் ரத்தம் நிறைந்த ஒரு பைக்குள் உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் நரம்புகள் இருக்கும். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இந்த வகை மயிர் முகத்தில் மட்டும்தான். மனாட்டிக்கு முகத்தில் சுமார் 2,000, உடல் முழுக்க இன்னொரு 3,000. உடம்பில் இருக்கிற மயிர் எல்லாமே இந்த உணர்வு மயிர்தான். அந்த நரம்புகளின் செய்தியை வாங்கிக்கொள்வதற்கென்றே மூளையின் வெளி அடுக்கான புறணியில் தனித்தனிக் கொத்துகளாக நரம்பணுக்கள் அமைந்திருக்கின்றன.

ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் உள்ள மோட் கடல் ஆய்வகத்தில் ஹியூ, பஃபெட் என்று இரண்டு ஆண் மனாட்டிகளோடு பல ஆண்டுகள் சோதனைகள் நடந்தன. நீருக்குள் இரண்டு தகடுகள் இருக்கும். இரண்டிலும் கோடுகோடாகப் பள்ளங்கள். ஒன்றின் இடைவெளி மற்றதைவிடக் கொஞ்சம் அகலம். மனாட்டி வந்து உதட்டு மயிரால் இரண்டையும் தடவிப் பார்த்து, சரியான தகட்டை அமுக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் பள்ளத்தில் 0.05 மில்லிமீட்டர் வித்தியாசத்தை, அதாவது ஒரு தலைமயிரின் தடிமன் அளவு வித்தியாசத்தைப் பஃபெட் பிரித்தறிந்தது. மனித விரல் நுனியோடு ஒப்பிடத்தக்க கூர்மை இது. தொடாமலே நீர் அசைவைக் கண்டுபிடிக்கும் சோதனையிலும், ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான அதிர்வை முக மயிர்கள் உணர்ந்தன. இந்தச் சோதனைக்கெல்லாம் முதலில் விலங்குக்குக் கேள்வி புரிய வேண்டும். எதைத் தேட வேண்டும், எதை அமுக்க வேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும் என்று கற்க வேண்டும், கற்றதை மாதக்கணக்கில் நினைவில் வைக்க வேண்டும். இரண்டும் அதைச் செய்தன.

ஆவுளியாவுக்கும் மூக்குக்குக் கீழே லாடம் போல வளைந்த தட்டையான மேலுதடு முழுக்க முரட்டு மயிர்கள். கலங்கிய தண்ணீரில் கண் எவ்வளவு தூரம் பார்க்கும்? அந்த உதடுதான் மண்ணைக் கிளறி, புல்லின் வேர்க்கிழங்கைத் தேடி எடுக்கிறது. கடற்புல் படுகையில் அது மேய்ந்துபோன தடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு சாண் அகலத்துக்கு, வளைந்து நெளிந்து, சில மீட்டர் தூரத்துக்கு வெறும் மண் தெரியும், இரண்டு பக்கமும் புல் அப்படியே நிற்கும். ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில் ஆவுளியாக் கூட்டங்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து மேய்வதை டோனி ப்ரீன் என்ற ஆய்வாளர் கவனித்தார். மேய்ந்த இடத்தில் முதலில் வருவது ஆவுளியா அதிகம் விரும்பும் இளம்புல், சத்துள்ள புல். முரட்டுப் புல் மண்டாமல் அந்த மேய்ச்சலே பார்த்துக்கொள்கிறது. திரும்பி வர வேண்டிய இடம் எது என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் மையத்தில் ஒரு முழுச் சுவரை இந்தத் தடத்துக்குக் கொடுத்தாலும் தகும்.

அடுத்து, சேர்ந்து வாழ்வதைப் பற்றி.

மனாட்டியும் ஆவுளியாவும் யானையைப் போல நிரந்தரக் கூட்டமாக வாழ்வதில்லை. ஒன்று சேரும், பிரியும், மறுபடி சேரும். அதனால் இவற்றைத் தனிமை விரும்பி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் தாயையும் கன்றையும் பாருங்கள். மனாட்டிக் கன்று இரண்டு ஆண்டு வரை தாயோடு இருக்கிறது. ஆவுளியாக் கன்று பிறந்து சில வாரங்களிலேயே புல்லைக் கடிக்கத் தொடங்கினாலும் ஒன்றரை ஆண்டு வரை பால் குடிக்கிறது; பெரும்பாலும் தாயின் முதுகுக்கு மேலேயே மிதந்துகொண்டிருக்கும், தாய் மூச்சுவிட மேலே வரும்போது தானும் வரும். இருவருக்குள்ளும் குரல் பரிமாற்றம் ஓயாது. கீச்சென்ற சின்ன ஒலிகள், நீண்டு நடுங்கும் ஒலிகள், குரைப்பு போன்ற ஒலிகள் என்று ஆவுளியாவின் குரல்களைப் பிரித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். தாய்லாந்துக் கடலில் பதிவு செய்த கீச்சொலியை நீருக்குள் ஒலிபெருக்கியில் போட்டபோது, அங்கிருந்த ஆவுளியாக்கள் பதில் குரல் கொடுத்தன. மனாட்டிகளின் குரல் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்றும் தெரிய வந்திருக்கிறது.

2019-இல் அதே தாய்லாந்தில் தாயை இழந்த ஒரு பெண் ஆவுளியாக் கன்று கரை ஒதுங்கியது. மாரியம் என்று பெயர் வைத்தார்கள். திராங் மாகாணத்தில் லிபோங் தீவை ஒட்டிய கடலில் கால்நடை மருத்துவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். அந்தக் கன்று ஒரு சின்னப் படகின் அடிப்பக்கத்தைத் தாயாக எடுத்துக்கொண்டது. அதை ஒட்டியே நீந்தும், உரசும், அணைக்கும். அந்த ஆகஸ்டில் அது இறந்தது; குடலில் பிளாஸ்டிக் துண்டுகள் சிக்கியிருந்தன. பிளாஸ்டிக்கைப் பற்றிய செய்தியாகத்தான் அது உலகம் முழுக்கப் போனது. தாயில்லாத கன்று ஏன் ஒரு படகைத் தேடிப் பிடித்துக்கொண்டது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் குடும்பத்தில் ஐந்தாவதாக ஓர் இனம் இருந்தது. வடக்கே பேரிங் கடலில் ஸ்டெல்லரின் கடற்பசு. 1741-இல் கப்பல் உடைந்து தீவில் சிக்கிய ஜார்ஜ் ஸ்டெல்லர் என்ற இயற்கையியலாளர் அதைப் பார்த்து விரிவாக எழுதினார். வேட்டைக்காரர்களின் இரும்புக் கொக்கியில் மாட்டிய ஒன்றை விடுவிக்க மற்றவை கயிற்றை அழுத்தியும் படகை முட்டியும் முயன்றதை எழுதினார். பிடிபட்ட பெண்ணைத் தொடர்ந்து ஆண் ஒன்று அடிகளையும் பொருட்படுத்தாமல் கரை வரை வந்ததையும், மறுநாள் காலை இறைச்சி வெட்டப் போனபோதும் அது அங்கேயே காத்திருந்ததையும் எழுதினார். 27 ஆண்டுகளில், 1768 வாக்கில், அந்த இனமே இல்லாமல் போனது. இறைச்சிக்காக வந்த வேட்டைக்காரர்களுக்கு, விட்டுப் போகாமல் காத்திருக்கும் விலங்கைக் கொல்வது சுலபமாக இருந்தது.

இதெல்லாம் நெகிழ்ச்சிக்காகச் சொல்வதாக நினைக்காதீர்கள். நடைமுறைக்கு இது எப்படி முக்கியம் என்பதற்கு ஃபுளோரிடாவில் கண்ணெதிரே பாடம் இருக்கிறது.

மனாட்டிக்குக் குளிர் ஆகாது. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் நோய்வாய்ப்பட்டு இறக்கும். பழைய காலத்தில் குளிர் வந்தால் வெதுவெதுப்பான இயற்கை ஊற்றுகளைத் தேடிப் போயின. கடந்த நூற்றாண்டில் கடலோரத்தில் மின் நிலையங்கள் வந்து சுடுநீரை வெளியே விடத் தொடங்கியபோது, மனாட்டிகள் அதையும் கண்டுபிடித்துக்கொண்டன. தாய் கன்றைக் கூட்டி வந்தது. அந்தக் கன்று வளர்ந்து தன் கன்றைக் கூட்டி வந்தது. வழியையும் தங்குமிடத்தையும் தாயிடமிருந்து கன்று கற்கிறது என்பது கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் தெளிவானது. அப்புறம் கேப் கனாவெரலிலும் ரிவியரா பீச்சிலும் பழைய நிலையங்களை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டி வந்தது. நிலையம் ஓடாவிட்டாலும் மனாட்டிகள் வரும் என்று தெரியும். ஆகவே கட்டுமானம் முடியும் வரை மனாட்டிகளுக்காகவே தனியாக வெந்நீர்க் கருவிகள் வைத்துத் தண்ணீரைச் சூடாக்கினார்கள். ஒரு விலங்கின் நினைவாற்றலுக்காக ஒரு மின் நிறுவனம் செலவு செய்ய வேண்டியிருந்தது!

அதே கனாவெரல் பக்கம் இந்தியன் ரிவர் காயலில் கழிவுநீரும் உரச்சத்தும் சேர்ந்து பாசி மண்டி, வெளிச்சம் மறைந்து, கடற்புல் அழிந்தது. வழக்கமான இடத்துக்கு மனாட்டிகள் வழக்கம்போல் வந்தன. சூடு இருந்தது, புல் இல்லை. சூட்டை விட்டுப் போனால் குளிர், விட்டுப் போகாவிட்டால் பட்டினி. 2021-இல் மட்டும் ஃபுளோரிடாவில் சுமார் 1,100 மனாட்டிகள் இறந்தன. பட்டினிச் சாவு அதில் பெரும்பங்கு. அந்த ஆண்டுக் கடைசியில் தொடங்கிய குளிர்காலத்தில் லெட்டூஸ் கீரையை மூட்டை மூட்டையாகக் கொட்டித் தீனி போட்டார்கள். இப்படி ஓர் உயிர் எங்கே வரும் என்று தெரிந்துகொண்டே அங்கே புல்லை அழிய விட்டதற்கு வேறு பெயர் கிடையாது, அது அலட்சியம்.

நம் கடலுக்கு வருகிறேன். நம் தண்ணீரில் குளிர்ப் பிரச்சினை இல்லை. ஆனால் எங்கே எப்போது புல் நன்றாக இருக்கும், காற்று மாறினால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, எந்த ஓடை ஆழம் என்கிற அறிவு ஒவ்வோர் ஆவுளியாவுக்கும் தேவை. ஆஸ்திரேலியாவில் 70 ஆவுளியாக்களுக்குக் கருவி பொருத்திப் பார்த்ததில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடமாடியது. சில 100 கிலோமீட்டருக்கு மேல் போயின, பழைய இடத்துக்குத் திரும்பியும் வந்தன. இந்தக் கடல் விலங்கு 70 ஆண்டு வரை வாழக்கூடியது. பருவமடையவே பத்தாண்டு போல ஆகும். 13, 14 மாதம் சுமந்து ஒரே கன்று. அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. எல்லாம் நன்றாக அமைந்தாலும் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் இதன் எண்ணிக்கை பெருகாது. இந்தியக் கடல் முழுக்க இருப்பது சில நூறுதான். இந்த நிலையில் வயதான ஒரு பெண் ஆவுளியா வலையில் சிக்கி இறந்தால் பதிவேட்டில் ஒன்று குறையும். ஆனால் அதற்குத் தெரிந்திருந்த மேய்ச்சல் நிலங்களும் வழிகளும், கன்றுக்கு இன்னும் காட்டாதவை, அதோடு போய்விடும். புல்லை நட்டு வளர்க்கலாம். மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி நடுவதை நம் கரையில் செய்துகாட்டியும் விட்டார்கள். அந்தப் புல் எங்கே இருக்கிறது என்று கன்றுக்கு யார் காட்டுவது?

ஆகவே தாயும் கன்றும் தென்படும் இடங்களை முதலில் குறியுங்கள். பாதுகாப்பகம் முழுவதற்கும் ஒரே விதி என்று வைக்காமல், அந்த இடங்களில் மட்டுமாவது திருக்கை வலை போன்ற பெரிய கண்ணி வலைகளை இரவு முழுக்கப் போட்டுவைக்காதபடி, மீனவர்களோடு பேசி, மாற்று ஏற்பாட்டோடு ஒரு முடிவுக்கு வாருங்கள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சுவிட வேண்டிய உயிர் அது. வலையில் சிக்கினால் விடியும் வரை தாங்காது. வலையை அறுத்து ஆவுளியாவை விடுவிக்கும் மீனவர்களை நீங்கள் அழைத்துப் பாராட்டுவது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. பாராட்டோடு வலைக்கான முழுத் தொகையும் அடுத்த தொழிலுக்குப் போகும் முன்பே கைக்கு வந்துவிட வேண்டும். இழுவை மடி கடற்புல்லை வாரிக்கொண்டு போவதைத் தடுக்கும் விதி ஏற்கெனவே இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தினாலே போதும்.

இன்னொரு வேண்டுகோளை அழுத்திச் சொல்கிறேன். மையத்தில் உயிருள்ள ஆவுளியாவைத் தொட்டியில் வைத்துக் காட்டும் எண்ணம் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து அதை இப்போதே விட்டுவிடுங்கள். 1960-களில் மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு ஆவுளியாக்கள் பல ஆண்டுகள் வைத்திருக்கப்பட்டன. அந்தக் காலத்தில் அதனால் அறிவியலுக்குப் பயன் இருந்தது. இன்று ட்ரோன் இருக்கிறது, நீருக்குள் ஒலி கேட்கும் கருவி இருக்கிறது. ஒரு இருட்டறையில் பிள்ளைகளை உட்காரவைத்து, தாயும் கன்றும் மாறி மாறிக் கூப்பிடும் ஒலியை ஐந்து நிமிடம் கேட்க வையுங்கள். கோடு போட்ட இரண்டு தகடுகளைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி எது அகலம் என்று சொல்லச் சொல்லுங்கள். பஃபெட் உதட்டால் செய்ததைப் பிள்ளை விரலால் செய்து பார்க்கட்டும். தொட்டியில் சுற்றிவரும் ஓர் உயிரால் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

மன்னாருக்கும் தலைமன்னாருக்கும் அப்பால் இலங்கைத் தமிழ் மீனவர்களும் இதே ஆவுளியாக்களைத்தான் பார்க்கிறார்கள். இந்த விலங்குக்குக் கடல் எல்லை தெரியாது. அந்தப் பக்கத்து ஆய்வாளர்களையும் மீனவர் சங்கங்களையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த அறிவில் பெரும்பகுதி ஆய்வுக் கட்டுரைகளில் இல்லை. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, கோட்டைப்பட்டினம் என்று கரை நெடுக நாட்டுப்படகுகளில் போகிறவர்களிடம் இருக்கிறது. எந்த மாதத்தில் எந்தத் திட்டில் தாயும் கன்றும் வரும், மோட்டாரை நிறுத்தினால் எவ்வளவு நேரம் பக்கத்தில் நிற்கும், முன்பு கூட்டமாக வந்த இடம் எது என்று அவர்களில் வயதானவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். முன்பு ஆவுளியா பிடித்ததைச் சொன்னால் வழக்கு வருமோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு. பழையதைச் சொல்கிறவர் மீது நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். பலகைகளின் வரைவைத் தமிழில் அச்சிட்டு ஊர் ஊராக எடுத்துப் போய், அவர்கள் முன் வாசித்துக் காட்டித் திருத்துங்கள். கூட்டத்தை ஏதாவது ஒரு வேலை நாள் காலையில் மாவட்டத் தலைநகரில் வைக்காதீர்கள். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, சாயங்காலமாக, அந்தந்த ஊர் ஏலக்கூடத்திலேயே வையுங்கள். கருவாடும் நண்டும் பிரிக்கிற பெண்களையும் பேசச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதை ஊர்ப் பெயரோடு அந்தப் பலகைகளில் எழுதுங்கள்.

அன்புடன்,
பாக் விரிகுடாக் கரையில் வாழும் ஓர் உயிரியல் ஆசிரியர்